ஓர் ஊசியும் ஓர் ‘இல்லை’யும்

2012 மார்ச் 14, புதன்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு முதல்நாளே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனாலும் வழக்கமான நேரத்துக்கே எழுந்தேன். அடுப்பில் முதலில் வைத்த தண்ணீர் தேத்தண்ணிக்கு அல்ல, கணவரின் கைகளுக்கு. தண்ணீர் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அகலமான சட்டியில் ஊற்றிக் கட்டிலடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் மணிக்கட்டுவரை இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு இருந்தார். விரல்கள் மடங்கத் தொடங்கும்வரை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பிறகு நான் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தானை மட்டும் எப்போதும் அவரே போடுவார். அன்றைக்கு அது அவருக்கு வசப்படவில்லை.

“விடுங்கோ, நான் போடுறன்.”

“பொறும். ஒரு பொத்தானுக்குத் தோத்துப்போனன் எண்டு ஊரில சொல்லுவீர்.”

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் என்பதால் பீடியை விட்டிருந்தார். இருமல் அவரை விடவில்லை. சிமெந்துத் தூசி என்பார்.

அவர் மேசன். தமிழ்நாட்டு முகாமிலிருந்து நாங்கள் ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பிவந்தபோது, இந்தத் தீவில் மேசனைப்போல் தேடப்பட்ட ஆள் வேறு இல்லை. எந்த வளவைப் பார்த்தாலும் ஒரு கும்பி மணலும் அரைவாசியில் நின்ற சுவரும்தான். அந்த நேரம் பார்த்து அவருடைய கைகளில் மூட்டுவாதம் இறங்கியது. சாந்தகப்பையைப் பிடிக்க முடியாமல் போயிற்று. வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீடு யன்னல் உயரத்தோடு நின்றுவிட, பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டத்துக்கு உதவி வரும். வேறொரு மேசனைப் பிடிப்போமா என்று ஒருமுறை கேட்டேன்.

“என்ர வீட்டுச் சுவரை இன்னொருத்தன் கட்ட, நான் குந்தியிருந்து பாக்கவோ?” என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

அதற்கு முதல் மாதம் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். குடித்துக்கொண்டிருந்த மாத்திரைகள் போதாது, புதுவகை ஊசி ஒன்று இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். என்ன ஊசி, எதைத் தடுக்கிறது என்று கேட்டு அன்றிரவே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். எங்கள் உடம்பில் ரி.என்.எஃப் என்றொரு பொருள் உண்டு. ‘கட்டிகளைச் சாகடிக்கும் காரணி’ என்பது அந்தப் பெயரின் பொருள். ஆய்வுகூடத்தில் முதலில் தெரியவந்த ஒரு குணத்தை வைத்து இட்ட பெயர். அதன் அன்றாட வேலை வேறு. கிருமி நுழைந்தால் வெண்குழியங்கள், அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்கள், அதைச் சுரக்கும். அது மற்ற வெண்குழியங்களைக் கூப்பிடும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அவை வெளியே வர வழிவிடும், காய்ச்சலை ஏற்றும். நோயெதிர்ப்பைக் குறிக்க நிர்ப்பீடனம் என்று நான் கரும்பலகையில் எழுதும் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கின்றன. என் கணவருக்கோ, கிருமி இல்லாத மூட்டுக்குள் அந்தக் கூப்பாடு நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. வந்த வெண்குழியங்கள் அவருடைய குருத்தெலும்பையே அரிக்கத் தொடங்கியிருந்தன. ஊசி அந்த ரி.என்.எஃப்பைப் பிடித்துக் கட்டிப்போடும்.

ஊசி தொடங்க முன்னர் மன்னார் ஆஸ்பத்திரியில் சில சோதனைகள் செய்து, அங்குள்ள டொக்டரின் கடிதத்தோடு வரச் சொன்னார்கள். சோதனைகள் முடிந்துவிட்டன. கடிதம் வாங்கத்தான் அந்தப் புதன்கிழமை புறப்பட்டோம்.

பஸ்ஸில் எங்கள் பக்கத்து வளவுக்காரி முன்சீற்றில் இருந்தாள். கடற்கரை மணலைக் குழைத்துக் கட்டியிருந்த அவளுடைய சுவரை ஒரு வருடத்துக்கு முன் இடித்துத் திருப்பிக் கட்டச் செய்தவர் என் கணவர். அதன் பிறகு பூச்சு வேலைக்கு அவருடைய கை உதவவில்லை.

“என்ன மேசனண்ணை, என்ர சுவர் இன்னும் சட்டை போடாமல் நிக்குது,” என்றாள் அவள்.

“என்ர சட்டையையே இவதான் போட்டுவிடுறா. உன்ர சுவருக்கு நான் எங்க போக?”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கைகளை மட்டும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

டொக்டர் இளம் பெண். எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார், பிறகு கேள்விகளைத் தொடங்கினார்.

“ஐயா, உங்களுக்கு எப்பவாவது கசம், அதுதான் காசநோய், வந்திருக்கோ?”

“இல்லை.”

“வீட்டில ஆருக்கும்? ஒண்டாய் இருந்த ஆருக்கும்?”

“இல்லை.”

“கன நாள் இருமல்?”

“இல்லை.”

மூன்று தடவையும் கேள்வி முடியுமுன்னரே பதில் வந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நேராக மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணர் முகாமில் கசத்தால்தான் செத்தவர். ஒரு சேலையைத் தொங்கவிட்டுப் பிரித்த அறையில், சேலைக்கு அந்தப் பக்கம் அண்ணர், இந்தப் பக்கம் நாங்கள். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி பருக்கியதும் துடைத்துவிட்டதும் என் கணவர்தான்.

அதை நான் டொக்டரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன்.

“டொக்டர், மூட்டுக்குப் போடுற ஊசிக்கு ஏன் நெஞ்சு வருத்தத்தைக் கேக்கிறியள்?”

“ரீச்சரோ நீங்கள்?” என்று சிரித்துவிட்டு அவர் பேனையை வைத்தார். “கசக் கிருமி உள்ளுக்குப் போனால் கனபேருக்கு வருத்தம் வராது. உடம்பு அதை முழுக்கக் கொல்லாது. வெண்குழியங்கள் சுத்திவர நிண்டு அடைச்சு வைக்கும். வருசக் கணக்காய் அது அப்பிடியே கிடக்கும். அந்த வெண்குழியங்களைக் கூட்டிக்கொண்டு வாறதும் கலையாமல் வைச்சிருக்கிறதும் இந்த ரி.என்.எஃப்தான். மூட்டில கரைச்சல் தருது எண்டு நாங்கள் அதைக் கட்டினால் நெஞ்சுக்குள்ள காவலும் குலைஞ்சிடும். அடைபட்டது வெளிக்கிட்டு உடம்பெல்லாம் பரவும். ஐயாவுக்கு அந்தப் பயம் இல்லை. கையில கசத்துக்குப் போட்ட சோதனை ஊசியும் வீங்கேல்லை.”

கடிதத்தை எழுதிக் கையில் தந்தார். நன்றி சொல்லி வெளியே வந்தோம்.

ஆஸ்பத்திரி மதிலோரம் ஒரு வேம்பின் கீழ் உட்கார நீட்டு வாங்கு ஒன்று கிடந்தது. எங்களுக்கு முன்னமே ஒரு கழுதை அந்த நிழலைப் பிடித்திருந்தது. நாங்கள் வாங்கின் மற்ற நுனியில் இருந்தோம்.

“ஏன் இல்லை எண்டனீங்கள்?”

“அவ கேட்டா, நான் சொன்னனான்.”

“அண்ணருக்கு இருந்ததே.”

“வீட்டில ஆருக்கும் இருந்ததோ எண்டுதானே கேட்டவ. அது வீடே? முகாம்.”

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

முகாமில் நாங்கள் எல்லாரும் பழகிக்கொண்ட முறை அது. முகாமின் கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டால் இல்லை என்பதுதான் பதில். வெளியாள் வந்ததோ? இல்லை. இயக்கத் தொடர்பு? இல்லை. வருத்தம்? இல்லை. ‘ஓம்’ என்றால் இரண்டாவது கேள்வி வரும், இரண்டாவது கேள்வி வந்தால் அலுவல் நிற்கும். ஊருக்குத் திரும்பப் பதிந்தபோதும் வருத்தம் இருக்கிறது என்று சொன்ன குடும்பங்கள் பிந்திப்போயின. இன்னொரு விதியும் இருந்தது. புருசன் சொன்னதைப் பெண்சாதி மாற்றிச் சொல்லக்கூடாது. இரண்டு பேரின் பதிலும் ஒன்றாக இருக்கவேண்டும். டொக்டருக்கு முன்னால் நானும் அந்த விதிப்படிதான் இருந்திருக்கிறேன் என்பது வாங்கில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“இது முகாம் கந்தோர் இல்லை. அந்தப் பிள்ளை எங்களைப் பிடிக்கிறதுக்குக் கேக்கேல்லை.”

“தெரியும். ஓம் எண்டால் ஊசி நிக்கும். அதுவும் தெரியும்.” கைகளை விரித்துக் காட்டினார். விரல்கள் முழுதாக விரியவில்லை. “மழைக்கு முன்னம் கூரை போடவேணும். இந்தக் கையால நடக்குமே?”

“கூரையைப் போட்டு, அதுக்குக் கீழ நான் தனிய இருக்கவோ?”

அவர் கைகளை மறுபடி மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“பக்கத்து வளவுக்காரி சுவரை இடிக்க மாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிண்டவள். பூச்சுப் பூசினால் சரிவரும் எண்டவள். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“உள்ளுக்கு உப்புக் கிடந்தால் எவ்வளவு பூசினாலும் வெளியில வரும் எண்டு சொன்னனான்.” கொஞ்ச நேரம் கழுதையைப் பார்த்தார். “என்ர சாமானையே எனக்கு விக்கிறீர்.”

“நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். ஆனால் நீங்கள் சொன்னால்தான் நல்லது. கஞ்சி பருக்கினது நீங்கள்.”

அண்ணரைப் பற்றி நாங்கள் வெளியில் பேசியதே இல்லை. காய்ச்சல் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். என் கணவர் எழும்பினார். எழும்புவதற்கு வாங்கில் கையை ஊன்ற முடியாததால் முழங்கையை ஊன்றினார். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

டொக்டர் சாப்பிடப் போவதற்காகக் கதிரையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“டொக்டர், நான் முதல் சொன்னது பிழை,” என்றார் என் கணவர். “என்ர அண்ணர் கசத்திலதான் செத்தவர். நான்தான் பாத்தனான்.”

டொக்டர் திரும்பவும் கதிரையில் இருந்தார். கோபிக்கவில்லை. “எவ்வளவு காலம் ஒண்டாய் இருந்தனீங்கள்?”

“அவர் சாகுமட்டும். இருமலும் இருக்கு. தூசி எண்டு நினைச்சன்.”

டொக்டர் எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் மெல்லிய கீறு ஒன்றைக் காட்டினார். “இதைப் பழைய தழும்பு எண்டு விட்டனான். அப்பிடியும் இருக்கலாம். இப்ப பாக்காமல் விடேலாது.”

“கைச் சோதனை வீங்கேல்லை எண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“ஐயா குடிக்கிற மாத்திரையள் அந்த வீக்கத்தையும் அமத்தியிருக்கும். அதாலதான் வாய்விட்டுக் கேக்கிறது.” அவர் முன்னைய கடிதத்தை வாங்கிக் கிழித்தார். “ஐயா, ஊசி இப்ப இல்லை. நெஞ்சில கிருமி விழிச்சிருந்தால் முழு வைத்தியம். நித்திரையாய் இருந்தால் தடுப்பு மாத்திரை மாதக் கணக்காய் ஒழுங்காய்க் குடிக்கவேணும். அதுக்குப் பிறகு ஊசியைப் பற்றிக் கதைப்பம். அதுவரைக்கும் கைக்கு இப்ப குடிக்கிற மாத்திரைதான்.”

“மழைக்கு முன்னம்?”

“சொல்லேலாது.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நன்றாக அறிவேன். ஒரு சுவர் இடிக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுக்கும்போது அப்படித்தான் ஆட்டுவார்.

மார்புநோய்ப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் மூடிபோட்ட சிறிய பிளாஸ்டிக் பேணி ஒன்றைத் தந்தார். விடிய எழும்பினவுடன், வாய் கொப்பளிக்காமல், தேத்தண்ணி குடிக்காமல், வெளியில் காற்றுப்படும் இடத்தில் நின்று நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்கவேண்டும். கூட இருக்கிறவர் காற்று வரும் பக்கம் நிற்கவேண்டும். என்னையும் வேறொரு நாள் சோதனைக்கு வரச் சொன்னார்.

“துப்பல் வேண்டாம் ஐயா, சளி வேணும். முக்கால்வாசிப் பேர் துப்பலைக் கொண்டுவந்து தந்திட்டுப் போயினம்.”

“சல்லிக்கல் கேட்டால் மணலை இறக்கிவிடுறமாதிரி,” என்றார் என் கணவர்.

“அதேதான். எங்களுக்குச் சல்லி வேணும்.”

திரும்பும் பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்தார். பாதி வழியில், என்னைப் பார்க்காமல், பாப்பாமோட்டையில் தன்னோடு முன்பு வேலைசெய்த மேசனின் போன் இலக்கம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. போனை அவருடைய காதோடு நான் பிடித்துக்கொண்டேன்.

“டேய், என்ர வீட்டுச் சுவரை நீ வந்து கட்டு,” என்றார். மற்றப் பக்கத்தில் என்ன சொன்னானோ, “ஓமடா, நான்தான் கதைக்கிறன். குடிவெறி இல்லை. தவக்காலம்,” என்றார். பிறகு, “நூலும் தூக்குக்குண்டும் நான் பாப்பன். கோணலாய் வைச்சால் இடிக்கச் சொல்லுவன், இப்பவே சொல்லிப்போட்டன்,” என்றார்.

மாலையில் நான் நாட்குறிப்பில் டொக்டர் சொன்னவற்றை எழுதினேன். மூட்டைத் தின்பதும் நெஞ்சைக் காப்பதும் ஒரே பொருள். அதை நல்லது என்றும் கெட்டது என்றும் எழுதாமல், எங்கே என்ன செய்கிறது என்று மட்டும் எழுதினேன். அவர் கட்டிலில் படுத்தபடி, “அண்ணரின்ர பேரையும் எழுதும்,” என்றார். எழுதினேன்.

மறுநாள் காலை, அடுப்பை மூட்டுவதற்கு முன், பேணியின் மூடியை நான் திறந்து அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் பனைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கடற்காற்று என் முதுகில் படும்படி நான் விலகி நின்றேன். அவர் மூச்சை ஆழமாக இழுத்து, குனிந்து, நெஞ்சு குலுங்க இருமினார். பேணியை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார்.

“இவ்வளவு காணுமே?”

“துப்பல் மாதிரிக் கிடக்கு. இன்னொருக்கா.”

மறுபடியும் மூச்சை இழுத்தார்.