அம்மப்பாவின் பெட்டிப் பலகைகள்

அறுபதாவது வயதில் அம்மப்பா தன்னுடைய சவப்பெட்டிக்குப் பலகை வாங்கினார். அவருடைய தகப்பன் அறுபதில் இறந்தவர். தனக்கும் அவ்வளவுதான் என்று முடிவு செய்திருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு, கனமான முதிரை மரப் பலகைகளாகத் தெரிந்தெடுத்து லொறியில் ஏற்றிவந்தார். குசினிக் கூரைக்குக் கீழே அவற்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். அடுப்புப் புகை பட்டால் பூச்சி அண்டாது. பேரப்பிள்ளைகள் நாங்கள் அதற்குக் கீழே இருந்து சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். ஒருவருக்கும் பயமில்லை. மாசிக் கருவாடு, செத்தல் மிளகாய் போல அதுவும் குசினியில் இருக்கிற ஒரு சாமான்.

ஏன் முதிரை என்பதைப் பெரியம்மாதான் எனக்குச் சொன்னார். அவர் அம்மப்பாவின் மூத்த மகள். கடைசிவரை அவரோடு இருந்தவர். அம்மப்பாவின் தகப்பனை மலிவான பெட்டியில் கொண்டுபோன அன்று, அடக்கம் செய்யும் சேமக்காலையின் வாசலில் வைத்து அடிப்பலகை விட்டுவிட்டது. கலியாணமாகாத இளைஞராக இருந்த அம்மப்பா பெட்டிக்குக் கீழே புகுந்து, குழிவரை தகப்பனின் முதுகைக் கைகளால் தாங்கியபடி குனிந்தே நடந்திருக்கிறார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டதாக நான் அறிந்தது ஒன்றே ஒன்று: அடி விடாத பெட்டி.

யுத்த நாட்களில் ஒரு கிழமை, கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, எதிர்வீட்டுக்காரர் இறந்தார். வேலித் தகராறில் அம்மப்பாவோடு வருடக்கணக்காகப் பேச்சில்லாதவர். அவருடைய மகன் பெட்டி தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்துவிட்டு அம்மப்பா ஏணியை எடுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டே பெரியம்மா ஏசினார். அம்மப்பா கயிற்றை அவிழ்த்தபடி சொன்னார்: "அவர் இண்டைக்குப் போகவேணும். எனக்கு அவசரமில்லை."

மறுபடியும் பலகை வாங்கினார். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் சுவர்கள் நின்றன, கதவுகள் இல்லை. பொம்பிளைப் பிள்ளைகள் கதவில்லாத வீட்டில் எப்படிப் படுப்பது என்று கேட்டு, அந்தப் பலகைகளையும் கதவு செய்ய அனுப்பிவிட்டார். இன்றும் அம்மா பூட்டித் திறப்பது அந்தக் கதவுகளைத்தான்.

மூன்றாவது முறை வாங்கியபோது அவருக்கு எண்பது கடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அவரை அளந்த தச்சர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு, "ஐயா, போனமுறையைவிடக் கட்டையாப் போட்டியள். இப்பிடியே போனா எனக்குப் பலகை மிச்சம்," என்றார். அம்மப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டாம் என்று குசினிக்குச் சத்தமாகச் சொன்னார்.

அந்தப் பலகைகள் மேசையாகின. நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் எல்லோரும் கூடும்போது பந்தி பந்தியாகச் சாப்பிடவேண்டியிருந்தது. பிள்ளைகள் பசியோடு காத்து நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. விறாந்தையின் முழு நீளத்துக்கும் மேசை வந்தது. இனியும் பலகை வாங்குவீர்களா என்று கேட்டேன்.

"நான் வாங்க வாங்க மரம் முடியுது. நான் முடியிறன் இல்லை."

பத்திரிகையில் நான் திருத்திய மரண அறிவித்தல்களுக்குக் கணக்கில்லை. பிறந்த இடம், பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள் எல்லாம் அவற்றில் இருக்கும். ஒரு மனிதர் தன் சாவுக்கென்று வைத்திருந்ததை மூன்று முறை மற்றவர்களுக்குக் கொடுத்து, மூன்று முறையும் தானே உயிரோடு இருந்து அதைப் பார்த்தார் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றேழு வயதில், ஒரு மழைநாள் காலையில், தேத்தண்ணி வரும் முன்பே போய்விட்டார். பெரியம்மா அழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தச்சரைக் கூப்பிட்டு, மேசையைக் கழற்றிப் பெட்டி செய்யச் சொன்னார். தச்சரும் கிழவராகியிருந்தார். மேசையில் உள்ளங்கையை வைத்தார்.

"ஐயா அப்பவே சொல்லிப்போட்டார், அக்கா. நீங்கள் கூப்பிடுவியள் எண்டும் சொன்னவர். நான் ஏலாது எண்டு சொல்லவேணும் எண்டும் சொன்னவர்."

பட்டினத்துக் கடையில் பெட்டி வாங்கினோம். மினுக்கிய மெல்லிய பலகை. விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டது. தேவாலயத்தில் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மழையில் பலகையின் ஓரங்கள் நனைந்து கறுத்தன. சேமக்காலை வாசலுக்கு வந்ததும் பெரியம்மா முன்னால் வந்து எங்களை மறித்தார்.

"பிடியை விடுங்கோ. எல்லாரும் அடியில கை குடுங்கோ."

கொடுத்தோம். ஆம்பிளை, பொம்பிளை என்று பார்க்கவில்லை. பெரியம்மாவும் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரரின் மகன், தலை நரைத்தவர், குடையை மதிலில் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் கையை நுழைத்தார். ஈரப்பலகை உள்ளங்கைகளில் அழுத்தியது. குனிந்தபடியே நடந்தோம்.

அடிப்பலகை விடவில்லை. குழிவரை ஒருவரும் கையை எடுக்கவும் இல்லை.