வெளியே சிவப்பு, உள்ளே ஊதா

விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று என் மனைவி தனம் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. உங்கள் வீட்டிலும் யாராவது இதே வார்த்தையைச் சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். வளைகுடாவுக்குப் போகும் லப்பைக்குடிக்காட்டு ஆட்களுக்குப் பாஸ்போர்ட் படம், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் படம் என்று பிழைப்பு ஓடியது. மிச்ச நேரமெல்லாம் நீர்த்துளிக்கு.

ஒரு கண்ணாடிப் பலகையில் தண்ணீரும் கிளிசரினும் கலந்து சொட்டுச் சொட்டாக வைப்போம். இரண்டு முழம் தள்ளித் தனத்தின் புடவை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவேன். கேமராவில் லென்ஸைத் திருப்பி மாட்டிப் பார்த்தால் கடுகளவு துளி எலுமிச்சம்பழம் போலத் தெரியும். ஒவ்வொரு துளிக்குள்ளும் அந்தப் புடவையின் வண்ணம் தலைகீழாக நிற்கும். படத்தைப் பார்ப்பவர்கள் இது என்ன ஏது என்று விழிப்பார்கள். அதில் எனக்கு ஒரு கிறுக்கு.

துளி வைப்பது தனத்தின் வேலை. என் கை நடுங்கும். அவள் கை அசையாது. கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் கழுவுவதற்கும் அவள்தான் துணை.

ஒரு சாயங்காலம் இருட்டறையிலிருந்து வெளியே வந்தவள் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பல்பைச் சுத்தி வளையம் வளையமா தெரியுதுங்க.”

“என்ன கலரு?”

“வெளிய செவப்பு. உள்ள ஊதா. தலையும் ஒரு பக்கமா வலிக்குது.”

படம் எடுக்கும்போது ஒளி அளவைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதில் ‘வெளியே சிவப்பு, உள்ளே ஊதா’ என்று எழுதிக்கொண்டேன். மறுநாள் சிவப்புப் புடவைக்கு நடுவே ஊதா ரவிக்கைத் துணியை வைத்துத் துளிகளைப் படமெடுத்தேன். அந்தப் படம் கடை முகப்பில் மாட்டும் அளவுக்கு நன்றாக வந்தது. அதற்குப் பிறகும் மூன்று முறை வளையம் தெரிவதாகச் சொன்னாள். மூன்றையும் எழுதிவைத்தேன். தலைவலியை ஒரு முறைகூட எழுதவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் அவளுக்கு வாந்தி. வலது பக்கத் தலை பிளக்கிறது என்றாள். பித்தம் என்று நானே முடிவுகட்டி, இஞ்சிச் சாறு கொடுத்துவிட்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன். கலர் ஃபிலிமைக் கழுவ மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் ரயில் கிடையாது. பார்சல் ஆபீசில் காத்திருந்து அனுப்பிவிட்டுத் திரும்ப மாலையாகிவிட்டது. தனத்தின் வலது கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி புகை படிந்த கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. மறுநாள்தான் திருச்சிக்கு அழைத்துப் போனேன்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் நிதானமான மனிதர். கிளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) என்றார்.

“இருட்டுல கண்ணு பாப்பா விரியும். இவங்க கண்ணுக்கு அது ஆகாது. இருட்டுல ரொம்ப நேரம் இருக்க விடாதீங்க. இதுக்கு முன்னாடி லைட்டைச் சுத்தி கலர் வளையம் தெரியுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?”

“இல்லைங்க சார்” என்றேன்.

தனம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வலது கண்ணில் அறுவை செய்தும் பார்வை திரும்பவில்லை. “இடது கண்ணுல முன்னாடி ஒரு அறிகுறியும் இல்லைங்கிறீங்க. இருந்திருந்தா அதுக்கும் இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாம். மருந்து போட்டுக்கிட்டு வாங்க, பாப்போம்” என்றார் டாக்டர். பைலோகார்பின் (கண் பாப்பாவைச் சுருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து) எழுதிக்கொடுத்தார். ‘பாப்போம்’ என்று அவர் சொன்னதற்கு நான் சொன்ன ‘இல்லை’தான் காரணம். அது எனக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. தனம் காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். கை அசையாதவள் துளியைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தாள். துளிப் படம் எடுக்கும் கேமராவைப் பெட்டிக்குள் போட்டேன். அதனால் போன கண் திரும்பிவிடப் போகிறதா?

நான்கைந்து மாதம் கழித்து, விளக்கு வைத்த நேரத்தில் அவள் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“இடது கண்ணுலயும் வளையம் தெரியுதுங்க. காலையில மொத பஸ்சுல போயிடலாம். டாக்டரு கேட்டா இந்தத் தடவை இல்லைன்னு சொல்லிடாதீங்க.”

“அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே தனம்?”

“டாக்டரு முன்னாடி உங்களைப் பொய்யனாக்கச் சொல்றீங்களா?”

என் கௌரவத்துக்காக அவள் தன் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறாள். நான் அதற்குத் தகுந்தவன் இல்லை.

டாக்டர் நோட்டை இரண்டு முறை படித்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “இன்னைக்கே அட்மிஷன் போடுங்க” என்று நர்ஸிடம் மட்டும் சொன்னார். ஐரிடெக்டமி (கண் பாப்பாவைச் சுற்றியுள்ள திரையில் சிறு வழி திறந்து நீரை வடியவிடும் அறுவை) செய்தார்கள். இடது கண் பிழைத்தது.

மருந்து நிற்கவில்லை. எங்கள் நாள் இப்போது நான்கு சொட்டுகளால் ஆனது. கடையைத் திறப்பதும் சாப்பிடுவதும் அவற்றுக்கு நடுவில் நடக்கின்றன. நடுங்கிக்கொண்டிருந்த என் கை இப்போது அசைவதில்லை. அவளுடைய கையை நான் வாங்கிக்கொண்டதுபோல இருக்கிறது.

நேற்று மதியம் ஜன்னலோரம் அவள் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். மருந்துக் குப்பியின் நுனியில் சொட்டு திரண்டு நின்றது. எத்தனை குற்ற உணர்ச்சி இருந்தாலும் பழகிய பார்வை அந்தச் சொட்டுக்குள்தான் போகிறது. கை ஒரு நொடி நின்றுவிட்டது.

“புடவை தெரியுதா?” என்று கேட்டாள் தனம்.

இல்லை என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“தெரியுது. மஞ்சள். தலைகீழா.”

“சரி, பாத்தாச்சுல்ல. ஊத்துங்க” என்று கண்ணை அகலத் திறந்தாள்.