மீனெண்ணெய் வாடை அடித்த வண்டி

சந்தேகம் என் கூடவே பிறந்தது. கேஸ் சிலிண்டர் வந்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கினால், நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். வாய்த்த வேலையும் அப்படித்தான். ரேஷன் கார்டு விண்ணப்பங்களில் பொய் முகவரி எது என்று கண்டுபிடிக்கிற மேஜை என்னுடையது. "சம்பளம் குடுத்து ஒங்கள சந்தேகப்பட வைக்கிறாங்க, சரி. ஊட்டுலயாவது சும்மா இருங்களேன்" என்பாள் மனைவி.

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். அவளுக்கு நாங்கள் குடியிருந்த நெல்லித்தோப்பிலேயே ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர் வேலை. அதனால் அவள் இங்கேயே இருந்தாள். நான் அங்கே ஒரு ரூம் எடுத்துக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போனேன். மோட்டார் சைக்கிளை வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நீலத் தார்ப்பாயால் மூடி, நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போனவன்தான். இரண்டரை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறவனுக்கு வண்டி எதற்கு என்று இருந்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த வண்டிக்கு ஒரு கதை உண்டு. என் மனைவிக்கு ஊர் பிள்ளைச்சாவடி, கடலோரக் குப்பம். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். நாங்கள் வில்லியனூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை. ஒருநாள் காலையில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தவள், இந்த வண்டியில்தான் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எதிரே டீக்கடையில் அவள் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கூப்பிடவும் இல்லை, துரத்தவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறு வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் காரைக்கால் போனதும் மாமனார் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் இல்லாத நாளாகப் பார்த்து, காலையில், வயர் கூடையில் மீனோடு வருவார். உள்ளே வரமாட்டார். சந்தில் நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். சாப்பிடச் சொன்னால், பசி இல்லை என்பார்.

மாற்றல் முடிந்து நான் திரும்பினேன். இனிமேல் மூலக்குளம் பக்கத்தில் ஆபீஸ், தினமும் வண்டி வேண்டும். புது இடத்தில் சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் கையில் இருந்தது. வண்டியைச் சுத்தம் செய்துவிடலாம் என்று இருந்தேன். வந்த அன்றைக்கே மனைவி இன்னொரு சேதி சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழம அப்பா சாப்புட வர்றேன்னிருக்காரு. நீங்க இருக்கறப்பவே."

ஆறு வருஷமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான். "ஏடாகூடமா ஒரு வார்த்த பேசிடாதீங்க. காலப் புடிச்சிக் கேக்கறேன்" என்றாள். நான் என்ன சின்னப் பிள்ளையா என்றேன்.

மறுநாள் காலை சந்துக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது கயிறு. நான் கட்டியது சாதாரண இரட்டை முடிச்சு. இது வேறு. தட்டையாக, இறுக்கமாக, நகத்துக்குப் பிடிகொடுக்காமல் கிடந்தது. அரைமணி நேரம் போராடினேன். கடைசியில் ஏதோ ஒரு முனையைத் தெரியாமல் இழுத்தபோது, மொத்தமும் சட்டென்று கழன்று விழுந்தது. ஆக, யாரோ அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

தார்ப்பாயை விலக்கினேன். குப்பென்று மீனெண்ணெய் வாடை. ஹேண்டில்பாரில் ஆரம்பித்து ஸ்போக்ஸ் கம்பி வரை வண்டி முழுக்கக் கன்னங்கரேல் என்று பிசுக்கு. பழைய இன்ஜின் ஆயிலோடு எதையோ கலந்து அப்பியிருந்தார்கள். இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி அடியில் மரக்கட்டைகள். சைலன்சர் வாயில் கந்தைத் துணி அடைத்திருந்தது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினேன், ஒரு சொட்டு இல்லை. பிளக்கைத் தொட்டேன், விரலாலேயே சுழன்றது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பேட்டரி இருந்த இடம் காலி.

எனக்கு மூளை ஜிவ்வென்று வேலை செய்ய ஆரம்பித்தது. பெட்ரோலை உறிஞ்சியிருக்கிறார்கள். பேட்டரியைத் தூக்கியிருக்கிறார்கள். கட்டை வைத்து நிமிர்த்தியது டயரைக் கழற்றிக்கொண்டு போக. பிளக்கைத் தளர்த்தியது இன்ஜினில் கை வைக்க. யார்? வீட்டுச் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. வருஷத்தில் பாதி நாள் பாரீஸில் மகள் வீட்டில் இருப்பார். அவருக்கும் மீனெண்ணெய்க்கும் வெகு தூரம். பூட்டிய கேட்டைத் தாண்டிச் சந்துக்கு வந்து போகிற ஆள் ஒருவர்தான். அந்த வாடையும் ஒருவரைத்தான் காட்டிக்கொடுத்தது.

மனைவியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ஒங்கப்பா வந்தா எவ்ளோ நேரம் நிப்பாரு?"

"யாருக்குத் தெரியும்? டீயக் குடுத்துட்டு நான் ஸ்கூலுக்குக் கெளம்பிடுவேன். சாயங்காலம் வந்து பாத்தா டம்ளரக் கழுவி ஜன்னல்ல வச்சிட்டுப் போயிருப்பாரு. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டேன்.

காரணமும் கிடைத்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போன வண்டி. அதைப் பார்க்கப் பார்க்க மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கும். என்னைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, வண்டியையாவது நாசமாக்குவோம் என்று வாரா வாரம் வந்து வேலை பார்த்திருக்கிறார். இதில் கூடை நிறைய மீன் வேறு! பேட்டரி இந்நேரம் அவர் படகில் விளக்கு எரித்துக்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

நான்கு நாள் ராட்சசன் மாதிரி வேலை செய்தேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பிசுக்கை வழித்தேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெய்ப் பாத்திரத்தில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். இன்ஜின் மடிப்புகளுக்குள் குச்சியில் துணி சுற்றி விட்டேன். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை, ஷாம்பு போட்டு ஒரு தடவை. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்ததில் விரல் நுனியெல்லாம் வெந்துபோனது. சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கடைசியில் ஒரு டப்பா மெழுகு பாலிஷ் வாங்கி வந்து, டேங்க், மட்கார்டு, சைலன்சர் எல்லாவற்றிலும் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கறுப்பைத் துடைக்கத் துடைக்க, உள்ளே நிக்கல் வெள்ளையாக மின்னியது. என் கை ராசி என்று நினைத்துக்கொண்டேன். பின் கேரியருக்கு அடியில், கை எட்டாத மூலையில், ஒரு சாண் இடத்தில் மட்டும் பிசுக்குப் படவில்லை. அந்த இடம் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேனே தவிர, ஏன் அங்கே மட்டும் என்று யோசிக்கவில்லை. ஊரார் முகவரியை எல்லாம் துருவிப் பார்க்கிற புத்தி அன்றைக்கு எங்கே போனதோ.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீன்காரருக்கு மீன் போடுவதா என்று மனைவி மட்டன் குழம்பு வைத்தாள். மாமனார் வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை. "பாப்பா, ஊட்டுக்காரரு வேலைக்கி எப்ப போறாரு?" என்று மகளைத்தான் கேட்டார். நானும் அவளைப் பார்த்தே பதில் சொன்னேன். அவள் தரையில் இரண்டு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

கை கழுவச் சந்துக்குப் போனவர் வண்டியைப் பார்த்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். ஸ்போக்ஸ் கம்பியில் விரலை ஓட்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பாப்பா, இத யாரு தொடைச்சது?"

அவர் முகம் மாறியதைப் பார்த்ததும், மாட்டிக்கொண்டார் என்று தோன்றியது. மனைவிக்குக் கொடுத்த வாக்கெல்லாம் பறந்துவிட்டது.

"நான்தான் தொடச்சேன். எவனோ கண்டதப் பூசி நாறடிச்சி வச்சிருந்தான். பெட்ரோலும் இல்ல, பேட்டரியும் இல்ல. வெளியாளு எவனும் இங்க வரமுடியாது. ஊட்டுக்கு வந்துபோற ஆளு பாத்த வேலதான் இது."

மனைவி கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "வலைய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன் பாப்பா. போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அப்பாவுக்கு உப்பு வைத்த இலையை மடித்து எடுத்தாள். "இப்ப நிம்மதிதான?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கேட்டில் வயர் கூடை தொங்கியது. உள்ளே மீன் இல்லை. பழைய லுங்கித் துணியில் சுற்றி, முனைகளில் கிரீஸ் தடவிய என் பேட்டரி இருந்தது. மாட்டினேன். பெட்ரோல் வாங்கி ஊற்றி, பிளக்கை இறுக்கி, உதைத்தேன். இரண்டாவது உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. ஹாரன் அடித்தது. விளக்கு எரிந்தது. இரண்டரை வருஷம் கடல்காற்றில் நின்ற வண்டி. வண்டியை அணைக்காமலே, அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம், ஏறு என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

"நீங்களே போங்க, நான் வரல" என்றாள் மனைவி.

பிள்ளைச்சாவடியில் அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை. படகிலிருந்து கழற்றிய இன்ஜின் அங்கே இருந்தது. தரையைத் தொடாதபடி கட்டைகளின் மேல். வாயில் கந்தைத் துணி. உடம்பெல்லாம் அதே கறுப்பு, அதே வாடை. மேலே போட்டிருந்த சாக்கைச் சுற்றி அதே தட்டை முடிச்சு. கடலுக்குப் போகாத மாதங்களில் அந்த ஊரில் எல்லோரும் இன்ஜினை இப்படித்தான் வைப்பார்கள் என்பது சுற்றியிருந்த மற்றக் கொட்டகைகளைப் பார்த்ததுமே புரிந்தது.

அவர் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். ஒரு தகர டப்பாவும் துணியும் எடுத்து வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான்கு நாள் நான் போட்ட பளபளப்பின் மேல் கறுப்பைப் பூச ஆரம்பித்தார்.

"மாமா, தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

"உப்புக் காத்துக்கு மெழுகெல்லாம் நிக்காது" என்றார், சக்கரத்தைப் பார்த்து. "பெட்ரோலு கெட்டுப்போயிருந்திச்சி, கீழ ஊத்திட்டேன். பிளக்கக் கழட்டி உள்ள கொஞ்சம் எண்ணெ உட்டேன். பேட்டரிய இங்க கடையில மாசத்துக்கு ஒரு தடவ சார்ஜ் ஏத்தி வச்சேன்."

"எம்மேல அவ்ளோ கோவம் இருக்கறப்ப, எதுக்கு இதெல்லாம் செஞ்சீங்க?"

கை நின்றது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்காகவா செஞ்சேன்? எம் பொண்ணு ஒக்காந்து போற வண்டி. நடு ரோட்டுல நின்னுபோனா அவளும்தான நிக்கணும்?"

அவர் கேரியருக்கு அடியில், முன்பு எட்டாமல் விட்ட மூலையில், துணியை ஒரு குச்சியில் சுற்றி விட்டுப் பூசிக்கொண்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழம சாப்புட வாங்க மாமா" என்றேன் கிளம்பும்போது.

"வர்றேன்" என்றார். "சந்துல நிக்கறேன்."

அப்படித்தான் வந்தார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். மீனைக் கொடுப்பார், டீ குடிப்பார், வண்டிக்கு எண்ணெய் பூசுவார், டம்ளரைக் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். என் மனைவி ஒவ்வொரு வாரமும் இரண்டு இலை போடுவாள். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவர் உள்ளே வந்து சாப்பிடாமலே போன பிறகு என் இலையை எடுத்துவிடுவாள். அவருக்குப் போட்ட இலையில்தான் நான் சாப்பிட வேண்டும்.