ஞாயிற்றுக்கிழமைத் தெரு

எங்கள் குடியிருப்பில் யாருடைய இடுப்பு எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதைத் தையல்காரம்மா நன்கு அறிவார். அதை மட்டும் வெளியே சொல்லமாட்டார். மற்ற எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கடைத்தெருவில் அவருக்கு ஒரு சிறிய கடை இருந்தது. அவர் இயந்திரத்தில் தைப்பார்; அவருடைய அக்கா சுவரோரம் முக்காலியில் அமர்ந்து காஜா எடுப்பார், பொத்தான் வைப்பார், விளிம்பு மடிப்பார். கணவரை இழந்த இருவரும் ஒரே வீட்டில் வசித்தார்கள். வீட்டில் தொடங்கிய சண்டையைக் கடைக்குக் கொண்டுவந்து, வேலையோடு வேலையாக முடிப்பார்கள்.

அக்காவுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். சென்ற மழைக்காலத்தில், உடைந்திருந்த சாக்கடை மூடியில் தடி சிக்கி, கடைத்தெருவில் விழுந்தார். கட்டுப் பிரித்த பிறகும் கடைக்கு வரவில்லை. "அந்தத் தெருவுல இனிமே கால் வைக்கமாட்டேன்டி" என்று சொல்லிவிட்டு, நாள் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. தங்கைக்கு அதுதான் கவலை.

அந்நாளில், மோசமான கடைத்தெருக்களைச் சீரமைக்கப்போவதாக நகராட்சி அறிவித்தது. நிலவரத்தைக் குடியிருப்போரே ஆராய்ந்து எழுதித் தரவேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எல்லாருக்கும் வசதியான நாள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள்களைத் திரட்டிக்கொண்டு போய் ஆய்வை முடித்தார். மறுநாள் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்தவர், அறிக்கையைத் தையல்காரம்மாவிடம் காட்டினார். நடைபாதை அகலமானது, நடப்பதற்கு ஏற்றது என்று அதில் எழுதியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை எந்தத் தெருவும் நல்ல தெருதான் சார். கடையெல்லாம் மூடியிருக்குமே."

மேலாளர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். "எடுத்தது எடுத்தாச்சும்மா. புதன்கிழமை கொடுத்தாகணும்."

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க. எங்கக்கா நடக்கட்டும், நீங்க பின்னாடியே வந்து எழுதுங்க. உங்க பேன்ட் அதுக்கப்புறம்தான்."

அக்காவை இணங்கவைக்க இரவு முழுவதும் கெஞ்சவேண்டியிருந்தது. மறுநாள் மாலை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் தெருமுனையில் வந்து நின்றார்.

இரும்புக் கடையின் வாசலில் பிளாஸ்டிக் வாளிகள் கோபுரமாக நின்றன. அக்கா நடைபாதையைவிட்டு இறங்கி, சாலையில் நடந்து, மறுபடி ஏறினார். மேலாளர் எழுதினார்.

"இது நடைபாதையா, உங்க வீட்டுப் பரணா?" என்று தங்கை கேட்டார்.

"உள்ள இடம் இல்லம்மா" என்றார், வாளிக்காரர் என்று எல்லாரும் அழைக்கும் அந்தக் கடைக்காரர். எங்கே போகிறார்கள் என்று பார்க்க அவரும் பின்தொடர்ந்தார். அடுத்து ஸ்கூட்டர்கள், பழக்கூடைகள், பெயர்ந்த கல், இன்னும் மாற்றப்படாத அந்தச் சாக்கடை மூடி. ஒவ்வொன்றுக்கும் அக்கா இறங்கி ஏறினார். ஒவ்வொரு கடைக்காரருக்கும் தங்கையிடம் ஒரு வார்த்தை கிடைத்தது.

கடைசியில் தையல்கடை வந்தது. வாசலில், நடைபாதையின் நடுவே, பூப்போட்ட கவுன் அணிந்த பொம்மை நின்றது. அக்கா பழக்கத்தில் சாலையில் இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு ஏறினார்.

மேலாளரின் பேனா நின்றது.

"சார், இந்தம்மா பேரை எழுதலியா?" என்று வாளிக்காரர் பொம்மையைக் காட்டினார்.

தையல்காரம்மா அக்காவைப் பார்த்தார். "தினமும் இப்படித்தான் வந்தியா? சொல்லவேயில்லையே."

"நீ எங்க திரும்பிப் பார்த்த? மெஷின்லயே தலையைக் கவுத்துக்கிட்டு இருப்ப. அந்தப் பொம்மையைப் பார்த்துத்தானே ஆளுங்க உள்ள வர்றாங்க."

"எழுதுங்க சார்" என்றார் தங்கை.

பொம்மையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். அதை நிறுத்துவதற்குக் கடையில் இருந்த ஒரே இடம், அக்காவின் முக்காலி கிடந்த மூலைதான். அதைப் பார்த்துவிட்டு, பொம்மையோடு வெளியே வந்தார்.

வாளிக்காரர் தம் கடைக்குப் போய் ஏணியும் கொக்கியும் எடுத்து வந்தார். பொம்மையின் தாங்குகட்டையைக் கழற்றிவிட்டு, வாசல் நிலைக்கு மேலே அதைத் தொங்கவிட்டார்கள். ஏணியைத் திருப்பிக் கொடுக்கையில், "வாளி எப்போ உள்ள போகும்?" என்று தையல்காரம்மா கேட்டார். அன்றிரவே பாதி வாளிகள் உள்ளே போயின.

அக்கா தடியை ஊன்றியபடி அண்ணாந்து பார்த்தார். கவுனின் விளிம்பு இப்போது நேராக அவர் கண்ணில் பட்டது.

"யாருடி மடிச்சது இது?"

"நான்தான். நீ வரலியே."

"கோணலா இருக்கு. எல்லாரும் பார்க்கிற இடத்துல தொங்கவிட்டிருக்க. இறக்கு."

உள்ளே போய் முக்காலியில் அமர்ந்து, ஊசியைக் கேட்டார்.