ஆத்தா மேல் போட்ட பழி

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் முகமெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்பியது. மாரியாத்தா என்னைத் தேடி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

காரணம் இருந்தது. திண்டிவனத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் நான். எங்கள் தெருக் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றும்போது வருடா வருடம் என் குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். இந்த ஆடியில் நான் இருமிக்கொண்டு விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தேன். பீடி, சிகரெட் தொடாதவனுக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். குழாய் கட்டாததை ஆத்தா குறித்து வைத்துக்கொண்டாள் என்று பட்டது.

டாக்டரம்மா கொடுத்தது இலக்கு மருந்து (புற்றுச் செல்லை வளரத் தூண்டும் ஒரு சமிக்ஞையைத் தேடிப்பிடித்து அடைக்கும் மாத்திரை). தினம் ஒன்று. என்னென்ன பக்கவிளைவு வரலாம் என்று ஒரு தாளும் கொடுத்து, வரிவரியாக விளக்கினார்.

“மாத்திரைய விட தாள் பெருசா இருக்குதே மேடம்” என்றேன். சிரித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி சொன்னார். அந்தப் பொறுமையைப் பிறகுதான் மெச்சினேன். அன்று நான் ஜோக் அடித்ததே காதில் எதுவும் விழாமல் இருக்கத்தான். வீட்டுக்கு வந்ததும் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். ஆட்டம் நின்றது.

அம்மை கண்டால் எங்கள் வீடுகளில் மருந்தை நிறுத்திவிடுவோம். அதனால் நானும் நிறுத்தினேன். வாசலில் வேப்பிலை செருகினேன். என் மனைவி செல்விக்கு இதில் சம்மதமில்லை.

“இன்னாங்க, காச்சல் இல்ல, ஒடம்பு வலி இல்ல, அம்மயா இது? டாக்டருக்கு ஒரு போனு போடுங்க.”

“ஆத்தா வந்திருக்க சொல்ல மாத்திர போட்டா கோவிச்சுக்குவா.”

“வந்திருக்கிறது பயம். அதுக்குத்தான் வேப்பெல கட்டிகினு கெடக்கிறீங்க.”

ஆறு நாள் வேப்பிலை மேல் படுத்து, கேப்பைக் கூழ் குடித்து, சாமி மாதிரி கிடந்தேன். ஆறாம் நாள் செல்வி கோயில் பூசாரி கண்ணனையே கூட்டி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். செல்போன் டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்தான்.

“டேய், அம்ம முத்துல தண்ணி கோத்துகினு இருக்கும். இது வயசுப் பையன் பரு மாதிரி இருக்குது. ஆத்தா மேல பழி போடாத.”

“குழாய் கட்டலன்னு கோவம் இல்லியா அவளுக்கு?”

“இந்த வருசம்தான் காது வலி இல்லாம கூழு குடிச்சா. ஜல்தி ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.”

தன் வாசலுக்கு வர வேண்டியவனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பிய பூசாரி அவன். அவன்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று கூடியது.

மறுநாள் விழுப்புரம். டாக்டரம்மா திட்டவில்லை.

“எத்தனை நாளா போடலை?”

“ஆறு நாள் மேடம்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “இந்த மருந்துக்கு நிறைய பேருக்கு இப்படி வரும். தோலும் அதே சமிக்ஞையை வெச்சுத்தான் வளருது. களிம்பு இருக்கு, தேவைப்பட்டா அளவையும் குறைக்கலாம். நிறுத்தறதா வேணாமான்னு நாங்க சொல்லணும்.”

“இந்த ஆறு நாள்ல கட்டி வளந்திருக்குமா?”

“தெரியலைங்க. ஸ்கேன்லதான் பார்க்கணும்.”

தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்ன அந்த வாயை முழுதாக நம்பினேன். களிம்பை வாங்கிக்கொண்டு அன்றே மாத்திரையை மறுபடி தொடங்கினேன்.

இதே மாத்திரை போடுகிறவர்களுக்கு: தாளை முட்டுக் கொடுக்காதீர்கள், படியுங்கள். எனக்குப் பருவோடு வயிற்றுப்போக்கும் நகச்சுற்றும் (நக ஓரம் வீங்கிச் சிவப்பது) வந்தன. ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன், ஒவ்வொன்றுக்கும் வழி இருந்தது. வெயிலில் குழாய் கட்டப் போனால் செல்வி தொப்பியோடு பின்னாலேயே வருகிறாள்.

முன்பெல்லாம் என் வருடம் ஆடி, தை என்று நகரும். இப்போது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை நகர்கிறது. கண்ணாடியில் பருவைப் பார்த்தால், மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தடவிக்கொள்கிறேன்.

எனக்கு அம்மை வரவில்லை. வந்தது மாத்திரையின் பக்கவிளைவு. தாளில் மூன்றாவது வரியில் இருந்தது. ஆறு நாள் மருந்தை நிறுத்தியது நான். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.