பீமாராவின் கொடி

ஞாயிறு ஒரு நாள்தான் பீமாராவுக்கு லீவு. அந்த நாளிலும் செஞ்சிக் கோட்டைக்குக் கீழே இருக்கிற மைதானத்தில், கால்பந்து ஆட்டங்களுக்கு லைன்மேனாகக் கொடியும் கையுமாக ஓடியே தீர்ப்பார். வாரம் முழுக்க டிப்போவில் பஸ் டயர் கழற்றி மாட்டுகிற முதுகு அது. உமக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், "வேற யாருக்குப்பா ரூலு தெரியுது?" என்பார். அது என்னவோ உண்மைதான்.

பந்தை உதைக்கிற நொடியில், கோல்கீப்பரைத் தவிர்த்துக் கடைசியாக நிற்கிற எதிராளியைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு; லைன்மேன் கொடி ஏறும், ஆட்டம் நின்றுவிடும். சமமாக நின்றால் குற்றமில்லை. ஊருக்கெல்லாம் இதைச் சரியாகப் பார்த்த மனுஷன், பெற்ற மகள் கலைமதிக்கு மட்டும் பார்க்கவில்லை. கொடி பிடிக்க வேறு ஆள் இல்லாததால் அவள் ஆட்டத்துக்கும் இவர்தான். அப்பன் கொடியில் பொண்ணு கோல் போடுது என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று பயம். அவள் சமமாக நின்றாலும் கொடி ஏறிவிடும். முதலில் சண்டை போட்ட கலைமதி, பிறகு அதையும் விட்டுவிட்டாள். நாலு வருஷமாக இதே கூத்து.

அன்றைக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். விளையாட்டுக் கோட்டாவில் ஒரே ஒரு இடம். அது கிடைக்காவிட்டால் கலைமதிக்குத் துணிக்கடை வேலைதான். வண்டியில் வரும்போதே பீமாராவ் முடிவு பண்ணிவிட்டார். இன்றைக்கு ரூல் சொல்கிறபடிதான். போதும் சாமி, இந்த நல்ல பேர்!

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. நடுவிலிருந்து கலைமதியின் அணிக்காரி வெண்மதி பந்தை நீளமாக உதைத்தாள். அந்த நொடியில் கலைமதியும் எதிரணியான தளவானூரின் கடைசிப் பெண்ணும் ஒரே நேராக நின்றார்கள். பீமாராவுக்குச் சந்தேகமே இல்லை. கொடியைத் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பந்து கலைமதியின் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். அவள் உதைக்கவில்லை. பந்தை நிறுத்திவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆடுடி!" என்று வெண்மதி கத்தி முடிப்பதற்குள் தளவானூர்ப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சென்னைக்காரர்கள் வேறொருத்தி பேரை எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி ஆட்டத்தில் நின்றுவிடுகிற பெண் வேண்டாம் என்றார்களாம்.

மைதானம் காலியானதும் பீமாராவ் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இன்னாம்மா, ஏன் நின்னுட்ட? நான்தான் கொடியத் தூக்கலியே."

கலைமதி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவள் குரலில் வெறும் அலுப்புதான் இருந்தது.

"நீ தூக்காம இருப்பன்னு எனக்கு எப்டி நைனா தெரியும்?"