பெரியவர் வீட்டு முன் அடிக்காத மணி

பியெத்ரமாரா என்ற மலையூருக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் சந்திக்கிற ஆள் செவெரினோதான். கலாப்ரியாவின் கடற்கரையிலிருந்து மலையேறி வரும் கார்கள் கடைசி வளைவில் மூச்சு வாங்கும். அங்கேதான் அவருடைய பஞ்சர் கடை. அப்போதெல்லாம், எந்த ஊர், யார் வீட்டுக்கு என்றெல்லாம் விசாரித்து முடித்து, டயரைக் கழற்றிக்கொண்டே, "செப்டம்பர்ல வாங்க, எங்க மாதா பவனியப் பாக்கலாம்" என்பார். அதைச் சொல்லும்போது கிரீஸ் அப்பிய முகத்தில் ஒரு மிடுக்கு வந்து உட்காரும்.

வராமல் என்ன செய்யும்? மாதா சப்பரத்துக்கு முன்னால் கைமணி பிடித்து நடந்தவர் அவர். அவருக்கு முன் அவருடைய அப்பா நடந்தார். ஓரடி அடித்தால் சப்பரம் நிற்கும். ஈரடி அடித்தால் முன்தண்டு தூக்குகிறவர்கள் முழங்காலை மடக்குவார்கள், மாதா குனிவாள். மூன்றடிக்குக் கிளம்பும். மாதா யாருக்குக் குனிவாள் என்பதில் ஊரில் குழப்பமே இருந்ததில்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கோயிலுக்கு வர முடியாத பிள்ளையைத் தாய் தேடி வந்து குனிந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வருடம், ஊரையே மிரட்டி மாமூல் வாங்கிவந்த பெரியவர் கதால்தோ சிறையிலிருந்து வீடு வந்திருந்தார். விடுதலை இல்லை. வயதையும் இதயத்தையும் காட்டி, மிச்சத் தண்டனையை வீட்டுக்காவலில் கழிக்க வாங்கிய அனுமதி. எண்ணெய் ஆலை அத்தீலியோவைச் சுடச் சொன்னதற்காகக் கிடைத்த தண்டனை அது. அத்தீலியோ மாமூல் தர மாட்டேன் என்று சொன்னவன். இதே மாதாவின் பின்தண்டைக் காலமெல்லாம் தோளில் சுமந்தவன்.

திருவிழாவுக்கு முந்தின வாரம், பங்குச் சாமியார் எஜிதியோவைக் கூட்டிக்கொண்டு துணை மேயர் ஓரேஸ்தே கடைக்கு வந்தார். விழாக்குழுத் தலைவரும் அவர்தான். செவெரினோவோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"டேய் செவெரினோ, இந்தத் தடவ மேலத்தெருவுல ஒரு நிறுத்தம் சேத்திருக்கோம்."

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாருங்க சாமி. பெரியவருக்குத்தான்டா. நெஞ்சு வலி."

"நெஞ்சு இருந்தாத்தான வலிக்கும்?"

சாமியார் செருமினார். "தீர்ப்பிடாதீங்கன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார், செவெரினோ. மாதா பாவிக்கும் தாய்தானே?"

"நான் இல்லேன்னா சொன்னேன் சாமி? எல்லாரையும் போல அவரும் வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு, தொப்பியக் கழட்டிட்டு உக்காரட்டும். நானே அடிக்கறேன். அத்தீலியோ பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பும் கேட்டார்னா, கை வலிக்கிற வரைக்கும் அடிக்கறேன்."

"வீட்டுக்காவல்ல இருக்கறவரு எப்படிடா கீழ எறங்குவாரு? பால்கனில நிப்பாரு."

"வாசப்படி வீட்டுல சேத்தியில்லையா? மேல நிக்கறவருக்குக் கீழருந்து குனிஞ்சா அதுக்குப் பேரு வேற, ஓரேஸ்தே."

"இது நம்ம கலாச்சாரம்டா. இதுல அரசியலக் கொண்டாராத."

கலாச்சாரம்! நகராட்சிக் கூடத்தில் ஆளுயரச் சிலுவை மாட்டி, கிறித்தவப் பண்பாட்டுக்கு ஆபத்து என்று தொண்டை கிழியப் பேசியவர் இந்த ஓரேஸ்தே. அத்தீலியோவின் அடக்கப் பூசைக்கு வர மட்டும் அவருக்கு நேரமில்லாமல் போனது. சிலுவையில் தொங்குகிறவரைக் கொன்றவர்களும் இப்படித்தான் வழக்கத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

வீட்டில் மனைவி இமாகொலாதா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "ஏங்க, ரெண்டு அடிதான? அடிச்சிட்டு வந்துருங்க. அவரு ஆளுங்க கடைய எரிச்சிட்டாங்கன்னா என்ன பண்றது? மாதாவுக்கு உங்க மனசு தெரியாதா?"

"மாதாவுக்குத் தெரியும்டி. அத்தீலியோ பொண்டாட்டி மெழுகுவத்தியோட பின்னாடி வருவாளே, அவளுக்கு என்ன தெரியும்?"

பவனியன்று பால்கனியில் சிவப்புப் பட்டு தொங்கியது. பெரியவர் வெள்ளைச் சட்டையில், கம்பியைக்கூடப் பிடிக்காமல் திடமாக நின்றார். நோயாளியாம். செவெரினோ மணியின் நாக்கைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார். நாலடி வைத்தபின்தான், பின்னால் காலடிச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. மணியே அடிக்காமல் சப்பரம் நின்றிருந்தது.

"நடங்கடா" என்றார். முன்தண்டில் இருந்த சொந்த மைத்துனன் அவர் கண்ணைப் பார்க்காமல் முழங்காலை மடக்கினான். மற்றவர்களும் மடக்கினார்கள். மாதா குனிந்தாள். பெரியவர் மேலிருந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார், பிஷப் ஆசீர் கொடுப்பதைப் போல. பேண்டு வாத்தியம் தொடர்ந்து வாசித்தது. சாமியார் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

செவெரினோ தனியாகவே மேலே நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. அத்தீலியோவின் மனைவி. அவளுக்குப் பின்னால் சில பெண்கள், மெழுகுவத்திகளோடு. அடுத்த நிறுத்தம் நுன்சியா வீடு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பெண் அவள். புது ரவிக்கை போட்டு வாசலில் காத்திருந்தாள்.

"என்ன மாமா, மாதாவ எங்க தொலைச்சிட்டு வந்தீங்க?"

"பெரிய எடத்துல மாட்டிக்கிட்டா. வருவா."

ஈரடி அடித்தார். குனிய அங்கே மாதா சுரூபம் இல்லை. அதனால் தானே தெருவில் மண்டியிட்டார். பெண்களும் மண்டியிட்டார்கள். வாயாடி நுன்சியா அவருடைய வழுக்கைத் தலையில் கையை வைத்தாள்.

மறுவாரமே ஒழுங்கை மீறினார் என்று சொல்லி விழாக்குழு மணியை வாங்கிக்கொண்டது. பால்கனிக்கு மாதா குனிந்த செய்தி பிஷப் காதுக்குப் போய், இரண்டு வருடம் பவனியே கூடாது என்று உத்தரவு வந்தது. ஊருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல்? பால்கனிக்காரர் மேலா, முழங்காலை மடக்கியவர்கள் மேலா? செவெரினோ மேல்! "ஒத்த ஆளோட வீம்பால மாதா வெளிய வராமப் போய்ட்டா" என்று பூசை முடிந்து வந்த வாயாலேயே பேசினார்கள். கடையை யாரும் எரிக்கவில்லை. எரிக்கத் தேவையே இருக்கவில்லை. உள்ளூர் வண்டிகள் காற்றுப் பிடிக்கக்கூட அடிவார ஊருக்குப் போயின.

பெரியவர் பிறகு இறந்துவிட்டார். பவனி மறுபடி நடக்கிறது. மணி ஓரேஸ்தேயின் மருமகன் கையில் இருக்கிறது. பால்கனியில் பெரியவரின் மகன் நிற்கிறான். அங்கே ஈரடி விழுகிறது. அந்த நேரம் செவெரினோ, இமாகொலாதா, அத்தீலியோவின் மனைவி மூவரும் நுன்சியா வீட்டு வாசலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

பஞ்சர் கடை அதே வளைவில்தான் இருக்கிறது. வெளியூர் வண்டிகளை வைத்து அவருடைய பிழைப்பு ஓடுகிறது. வருகிறவர்களை எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று இன்னமும் விசாரிக்கிறார். செப்டம்பரில் வாருங்கள் என்று மட்டும் சொல்வதில்லை.